ஜீனோ வந்து கதவைத் தட்டினால்...

(புக்கிட் தெங்காவில் நடந்த தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பழைய அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றை இன்றைய கண் கொண்டு மீண்டும் பார்த்தால் என்ன தெரியும்? இதுதான் இன்றைய தலைப்பு. தலைப்பைக் கேட்டவுடன் பலருடைய மனம் அமெரிக்காவுக்குப் பறந்திருக்கும். 1966 செப்டம்பர் 8-ஆம் நாள் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' நினைவுக்கு வந்திருக்கும். மூன்றே பருவங்கள், 79 அத்தியாயங்கள். அதில் கப்பல் தலைவர் கிர்க் ஒரு சிறு கருவியைப் படக்கென்று திறந்து பேசுவார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், மோட்டோரோலா நிறுவனம் மடக்கித் திறக்கும் கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயரே 'ஸ்டார்டாக்'! கற்பனை முன்னே போனது. தொழிற்சாலை பின்னே வந்தது.

ஆனால், அவ்வளவு தூரம் போக வேண்டுமா? தமிழிலேயே ஒரு தொடர் இருக்கிறது. அதன் நாயகன் மனிதன் அல்ல, ஒரு நாய்க்குட்டி. அதுவும் இயந்திர நாய்க்குட்டி. பெயர் ஜீனோ!

காலம் கடந்து போன எதிர்காலம்

எழுத்தாளர் சுஜாதா 'என் இனிய இயந்திரா' என்ற கதையை 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். வாசகர்கள் விடவில்லை, 'மீண்டும் ஜீனோ' என்ற இரண்டாம் பாகமும் வந்தது. பிறகு அது தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் உருவெடுத்தது. நிலா என்ற பெண்ணாக சிவரஞ்சனி நடித்தார். 'திருடா திருடா' படத்தில் நடித்த ஆனந்தும் அதில் நடித்தார்.

இந்தக் கதை நடக்கும் காலம் எது தெரியுமா? 2020-களின் தொடக்கம்! எழுதிய நாளில் அது எட்டாத தொலைவு. இன்றோ அந்த ஆண்டுகள் வந்து, போய், நாட்காட்டியில் கிழித்துப் போட்ட தாளாகி விட்டன. எதிர்காலக் கதை பழங்கதையாகி விட்ட நிலையில் அதைத் திரும்பிப் பார்ப்பது தனிச் சுவை. எதைச் சரியாகச் சொன்னார், எதைத் தவற விட்டார் என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, அவர் எச்சரித்ததை நாம் கேட்டோமா என்றும் பார்க்கலாம்.

கதையைக் கேட்டிராத இளையோருக்காகச் சுருக்கம் இது. இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறான். குடிமக்களின் பிறப்பையும் பெயரையும் இறப்பையும் அரசே தீர்மானிக்கிறது. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா... எண்ணிப் பாருங்கள், எல்லாமே இரண்டு எழுத்துதான்! நிலா ஒரு சாதாரண இல்லத்தரசி. குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி கொடுத்துவிட்டது என்று அவள் மகிழ்ந்திருக்கும் வேளையில் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் தங்க ரவி என்பவன் வருகிறான். அவனோடு வருகிறது ஜீனோ. படிக்கத் தெரிந்த, கிண்டலடிக்கத் தெரிந்த, மெல்ல மெல்லச் சுயமாகச் சிந்திக்கத் தொடங்கும் ஒரு இயந்திர நாய்.

எண்ணாகிப் போன மனிதர்கள்

முதலில் எண்ணைப் பார்ப்போம். ஜீனோவின் உலகத்தில் ஒவ்வொருவருக்கும் அரசு ஓர் எண் கொடுத்திருக்கும். அன்று அதைப் படித்தவர்களுக்கு அது பயங்கரமாகத் தெரிந்தது. இன்று? இந்த மண்டபத்தில் இருக்கும் ஒவ்வொருவர் பையிலும் மைகார்டு இருக்கிறது. மலேசியா 2001-இல் சில்லு பதித்த அந்த அடையாள அட்டையை அறிமுகப்படுத்தியது. பன்னிரண்டு இலக்கங்கள். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பினாங்கில் பிறந்தவர்களுக்கு 07 என்று கேட்காமலே சொல்வார்கள். இந்தியாவில் 2010-இல் ஆதார் அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அதுவும் பன்னிரண்டு இலக்கம்தான்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். கதையில் எண் கொடுக்கப்பட்டதுதான் துன்பம். ஆனால், மலேசியத் தமிழர் வாழ்க்கையில் எண் கிடைக்காமல் போனதுதான் பெருந்துன்பம்! தோட்டப்புறத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டு, பிறப்புப் பத்திரம் இல்லாமல், நீல அடையாள அட்டை இல்லாமல், பள்ளிக்கும் வேலைக்கும் அலைந்தவர்கள் எத்தனை பேர்! தாத்தா இங்கேயே பிறந்து, ரப்பர் மரத்துக்கு உரமாகி, பேரன் கையில் சிவப்பு அட்டையோடு நிற்கும் குடும்பங்கள் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து எழுதிய சுஜாதாவுக்கு எண் ஒரு சங்கிலியாகத் தெரிந்தது. இங்கே பலருக்கு அது திறவுகோல். ஒரே எண்தான், ஒருவனைக் கட்டவும் செய்யும், ஒருவனுக்குக் கதவைத் திறந்து விடவும் செய்யும். எண் நல்லதா கெட்டதா என்பதைவிட, அது யார் கையில் இருக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

பெயருக்கும் இதே கதைதான். இரண்டு எழுத்துப் பெயர் என்றதும் சிரிப்பு வருகிறது. ஆனால், அன்றைய தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதி வைத்த பெயர்களை நினைத்துப் பாருங்கள். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்கும் தம்பிக்கும் தகப்பன் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டு, பிறகு நிலப் பத்திரத்துக்கும் கடப்பிதழுக்கும் சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு அலைந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருப்பார்கள். பெயரை அரசுக் காகிதம் வெட்டிச் சுருக்கும் என்பது தமிழர்களுக்கு எதிர்காலக் கற்பனை அல்ல. கடந்த கால அனுபவம்.

பிள்ளை பெற அனுமதி வேண்டுமா?

அடுத்து, குழந்தைக்கு அனுமதி. இங்கேதான் காலம் சுஜாதாவோடு விளையாடியிருக்கிறது.

அவர் எழுதிய காலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். இந்தியாவில் 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை. கட்டாயக் கருத்தடையின் கசப்பு மக்கள் நாவில் இருந்து போகாத நேரம். சீனாவில் ஒரு குழந்தைத் திட்டம் முழு வேகத்தில் நடந்து கொண்டிருந்தது. மக்கள் தொகை வெடிக்கப் போகிறது, சோறு போதாது, இடம் போதாது என்று உலகமே பேசியது. ஆகவே, வருங்காலத்தில் பிள்ளை பெற அரசு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அவர் எழுதியது இயல்பு.

நடந்தது என்ன? சீனா 2015-ஆம் ஆண்டு இறுதியோடு ஒரு குழந்தைத் திட்டத்தைக் கைவிட்டது. 2021-இல் மூன்று பிள்ளைகள் பெறலாம் என்று அறிவித்தது. கொடுத்த அனுமதியைப் பயன்படுத்தத்தான் ஆள் குறைவு! 2025 மார்ச்சில் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின், நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில், உடனே குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று மணமக்களைக் கேட்டுக்கொண்டார். மக்கள் தொகை குறைந்தால் நாடாளுமன்றத்தில் தமிழகத்தின் இடங்கள் குறையுமே என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. நிலாவின் உலகத்தில் அரசு 'பெறாதே' என்றது. நிஜ உலகத்தில் அரசுகள் 'பெறுங்களேன்' என்று கெஞ்சுகின்றன.

சுஜாதா தோற்று விட்டாரா? மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம். கொஞ்சம் ஆழமாகப் பார்த்தால் இல்லை. 'பெறாதே' என்றாலும் 'பெறு' என்றாலும், ஒரு பெண்ணின் வயிற்றை நாட்டுக் கணக்கில் ஒரு வரியாகப் பார்க்கும் பழக்கம் மாறவே இல்லையே! அவர் பிடித்தது அந்தப் பழக்கத்தை. கணக்கில் கூட்டலும் கழித்தலும்தான் இடம் மாறியிருக்கின்றன.

உடல் இல்லாத தலைவன்

இப்போது கதையின் உயிர்நாடிக்கு வருவோம். ஜீவாவின் முகத்தை மக்கள் திரையில் பார்க்கிறார்கள். அவன் குரலைக் கேட்கிறார்கள். பயப்படுகிறார்கள், வணங்குகிறார்கள். அவனை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் கடைசியில் கண்டுபிடிக்கிறார்கள்... ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை! அவன் ஒளியால் செய்த முப்பரிமாண உருவம். ஹோலோகிராம்!

இந்தத் திருப்பத்தை 1980-களில் படித்தவர்கள் 'என்ன கற்பனையப்பா' என்று வியந்திருப்பார்கள். 2012-இல் குஜராத் சட்டமன்றத் தேர்தலில் நரேந்திர மோடி முப்பரிமாண ஒளி உருவமாக ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றிப் பேசினார். 2014 பொதுத் தேர்தலிலும் அது தொடர்ந்தது. அவராவது உயிரோடு இருக்கும் மனிதர், பேசியதும் அவரே. அடுத்த படியைத் தமிழகம் ஏறியது. 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவின் துணையோடு திரையில் தோன்றி, ஒரு நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கினார்! கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அந்தக் கரகரத்த குரல். அவையில் இருந்தவர்களுக்கு அது ஏற்பாடு என்று தெரியும். ஆகவே அதில் ஏமாற்று இல்லை, ஏக்கம்தான் இருந்தது.

ஆனால், அதே கருவி வேறு கைக்குப் போனால்?

கற்பனையாக ஒரு காட்சியைப் பாருங்கள். புக்கிட் தெங்காவில் ஓர் அம்மா. 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்து, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்த பிறகு, எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன தலைமுறையைச் சேர்ந்தவர். 1985-இல் பாலம் திறக்கும் வரை பெர்ரியில் போய் வந்தவர். பிறகு பிறையிலும் புக்கிட் தெங்காவிலும் இருந்த ஆலைகளில் இரவு வேலை பார்த்தவர். உருப்பெருக்கிக் கண்ணாடியில் கண்ணைப் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் இணைத்தவர். ஒரு கம்பி விலகினாலும் கண்டுபிடித்து விடும் கண் அது! பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணத்தை எடுத்து வங்கியில் போட்டு வைத்திருக்கிறார்.

ஒரு நாள் கைப்பேசியில் ஒரு காணொளி வருகிறது. நாடறிந்த ஒரு முகம். பழகிய குரல். 'இந்தத் திட்டத்தில் பணம் போடுங்கள், மாதம் இரட்டிப்பாகும்' என்கிறது. அந்த முகத்தை முப்பது வருடமாகத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். பொய் சொல்லுமா? பணத்தை அனுப்புகிறார்...

இந்த அம்மா கற்பனை. ஆனால், மலேசியாவில் பிரபலங்களின் முகத்தையும் குரலையும் போலியாகச் செய்து முதலீட்டு மோசடி நடப்பது கற்பனை அல்ல. அண்மைய ஆண்டுகளில் செய்தித்தாள்களில் அது அடிக்கடி வருகிறது. சில்லில் இருந்த குறையை எல்லாம் கண்டுபிடித்த கண்களை, அதே சில்லுகளின் பரம்பரையில் வந்த ஒரு பொய் முகம் ஏமாற்றுகிறது. இதைவிடப் பெரிய வேதனை வேறென்ன?

ஜீவா ஒரு நாட்டை ஏமாற்ற அரண்மனையும் அடியாட்களும் வேண்டியிருந்தது. இன்று ஒரு மடிக்கணினி போதும். சுஜாதா ஒரே ஒரு ஜீவாவைத்தான் கற்பனை செய்தார். இன்று ஆயிரம் ஜீவாக்கள் ஆளுக்கொரு கைப்பேசியில் புகுந்து கொண்டார்கள்!

நாய்க்குட்டி சொன்ன பாடம்

ஜீனோவை மறந்து விடக் கூடாது. இயந்திர நாய் என்பது உலகத்துக்குப் புதிதல்ல. பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1977-லேயே கே-நைன் என்ற இயந்திர நாய் வந்து விட்டது. பிறகு நிஜத்திலும் வந்தது. ஜப்பானில் சோனி நிறுவனம் 1999-இல் அய்போ என்ற இயந்திர நாயை விற்றது. 2006-இல் உற்பத்தியை நிறுத்தியது. பழுது பார்க்க வழியில்லாமல் 'இறந்து' போன அய்போக்களுக்குப் புத்த ஆலயத்தில் ஈமச்சடங்கே நடத்தினார்கள்! மனித மனம் இயந்திரத்தின் மேலும் பாசம் வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சிங்கப்பூரில் 2020 மே மாதம், கோவிட் காலத்தில், பீஷான் பூங்காவில் ஸ்பாட் என்ற மஞ்சள் நிற இயந்திர நாய் நடமாடி, தள்ளி நில்லுங்கள் என்று மக்களுக்கு நினைவூட்டியது.

ஆனால், ஜீனோவின் குணம் இந்த நாய்களிடம் இல்லை. பூங்கா நாய் சொன்னதைச் சொல்லும். ஜீனோவோ கேள்வி கேட்கும்! நிலாவை அது மாற்றுவதே கேள்விகளால்தான். அரசு சொன்னதை எல்லாம் அப்படியே நம்பிய ஒரு பெண், நாய்க்குட்டியோடு பழகிப் பழகி, சிந்திக்கத் தொடங்குகிறாள். கதையின் பெரிய வேடிக்கை இது: மனிதர்கள் எல்லாம் இயந்திரம் போல் கீழ்ப்படிகிறார்கள், இயந்திரம் ஒன்றுதான் மனிதனைப் போல் சந்தேகப்படுகிறது.

இன்றைய செயற்கை நுண்ணறிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பேசும் இயந்திரம் வீட்டுக்கு வீடு வந்து விட்டது. கட்டுரை எழுதித் தருகிறது, கணக்குப் போட்டுத் தருகிறது. மாணவச் செல்வங்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஜீனோ நிலாவுக்காகச் சிந்திக்கவில்லை. நிலாவைச் சிந்திக்க வைத்தது. கேட்டதைக் கொடுத்து மூளையைத் தூங்க வைக்கும் இயந்திரமா, கேள்வி கேட்டு எழுப்பி விடும் இயந்திரமா? எப்படிப் பயன்படுத்துவது என்பது பிள்ளைகள் கையில் இருக்கிறது.

கதை காணாமல் விட்டவை

குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இன்றைய கண்ணுக்குச் சில இடங்கள் உறுத்துகின்றன.

முதலாவது, நிலாவின் நிலை. கதையின் நடுவில் இருப்பவள் அவள்தான். ஆனால் திட்டம் போடுவது ஆண்கள். வழி காட்டுவது நாய். இரண்டாம் பாகத்தில் அவள் நாட்டுக்கே ராணியாகிறாள். அப்போதும் உண்மையான அதிகாரம் ரவியிடமும் மனோவிடமும்தான். இதை ஆசிரியரின் பலவீனம் என்றும் சொல்லலாம். பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்து விட்டுப் பின்னால் இருந்து ஆட்டுவிக்கும் உலகத்தைக் காட்டினார் என்றும் சொல்லலாம். பெண் தலைவருக்குப் பதிலாகக் கணவர் கூட்டம் நடத்தும் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது விளக்கம் பிடிக்கும்.

இரண்டாவது, வேவு பார்ப்பது அரசு மட்டும்தான் என்று கதை நம்பியது. நிஜத்தில் என்ன நடந்தது? எங்கே போகிறோம், என்ன சாப்பிட்டோம், பிள்ளை எந்தப் பள்ளி, எல்லாவற்றையும் மக்களே படத்தோடு போட்டுத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்து விட்டார்கள். ஜீவா பயமுறுத்தி வாங்கியதை, இந்த நிறுவனங்கள் 'லைக்' கொடுத்து வாங்கி விட்டன! சுஜாதாவின் கூர்மையான மூளைக்கும் இது எட்டவில்லை.

அதற்காக அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் மின்னணுப் பொறியாளர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். மக்களின் வாக்கை எண்ணும் இயந்திரத்துக்கு உழைத்தவரே, மக்களுக்குக் குரலே இல்லாத நாட்டைக் கதையில் எழுதினார். இயந்திரத்தை அவர் வெறுக்கவில்லை. கதையின் பெயரே 'என் இனிய இயந்திரா' அல்லவா! அவர் அஞ்சியது, கேள்வி கேட்க மறந்த மனிதனைத்தான். 2008 பிப்ரவரி 27-இல் அவர் காலமானார். தாம் எழுதிய ஆண்டுகளைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இன்று இரவே செய்யலாம்

நேயர்களே! பழைய தொடரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக் கலைந்து போவதற்கு இந்த மன்றம் கூடவில்லை. ஜீனோ இன்று புக்கிட் தெங்காவுக்கு வந்து ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன சொல்லும்? மூன்று வேலை கொடுக்கும்.

ஒன்று, குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். பேரன் குரலில் யாராவது அழைத்து, 'பாட்டி, அவசரமாகப் பணம் வேண்டும்' என்றால், அந்தச் சொல்லைக் கேளுங்கள். வீட்டு நாய்க்கு வைத்த செல்லப் பெயரோ, தாத்தா பாட்டியைக் கூப்பிட்ட விதமோ, எதுவாக இருந்தாலும் சரி. அந்தச் சொல்லை முகநூலில் மட்டும் போடாதீர்கள்!

இரண்டு, எவ்வளவு பெரிய முகம் பேசினாலும் பணம் என்ற பேச்சு வந்தவுடன் கைப்பேசியைக் கீழே வையுங்கள். வீட்டில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். ஏமாந்து விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997 என்ற தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறிப் போய்க்கொண்டிருக்கும்.

மூன்றாவது பிள்ளைகளுக்கானது. அம்மாவையும் பாட்டியையும் 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது' என்று ஒதுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, போலிக் காணொளி எப்படிச் செய்கிறார்கள் என்று செய்து காட்டுங்கள். உங்கள் கையில் இருக்கும் கைப்பேசிக்குள் ஒரு சில்லு இருக்கிறதே, அப்படிப்பட்ட சில்லுகளைத் தொட்டுச் செய்து இந்த வட்டாரத்துக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். நுணுக்கமான வேலை அவர்களுக்குப் புதிதல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள். குறையை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஜீவா எப்போது வீழ்ந்தான்? துப்பாக்கி வெடித்தபோது அல்ல. 'இவன் உண்மையிலேயே இருக்கிறானா?' என்று ஒருவர் துணிந்து கேட்டபோது! அந்தக் கேள்வி இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் கேட்கப்பட வேண்டும்.